காலை 7.20 மணிக்கு நான் கவுன்ட்டரில் நின்றேன் என்பதற்குச் சான்று கோரும் மனு

அனுப்புநர்
ஃபெர்மீன் எஸ்கார்தின்,
இஸ்திரி இயந்திரப் பணியாளர்,
மருத்துவமனைத் துணி வெளுப்பு ஆலை,
சரகோசா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்,
சரகோசா.

பொருள்: முன்பதிவு செய்து பணமும் கட்டிய வாடகைக் காரை 9.11.2025 ஞாயிறு அன்று தர மறுத்தது – மறுப்புக்குச் சொன்ன காரணம் பொய் – கவுன்ட்டரின் கேமரா பதிவு அழியும் முன் அதைப் பெறவும், நான் உரிய நேரத்தில் அங்கு இருந்தேன் என எழுத்துமூலம் சான்றளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார்ப் படிவம், நாள் 9.11.2025.
2. நிறுவனத்தின் பதில் கடிதம், நாள் 14.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கட்டிய பணம் எனக்கு முழுமையாகத் திரும்ப வந்துவிட்டது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இந்த மனு பணத்துக்கானது அல்ல. பணம் திரும்பிவிட்டதால் எனக்கு இழப்பு ஏதும் இல்லை என்று நிறுவனம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே இதைத் தங்கள் முன் வைக்கிறேன்.

1. நானும் நோயேலியாவும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் எங்கள் மகள் இஸார்பேயுடன் தம் அண்ணன் இருக்கும் வால்தெரோயா கிராமத்துக்குச் சென்றுவிட்டார். மகளுக்கு ஒன்பது வயது. குடும்ப நீதிமன்ற உத்தரவின்படி ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு அவள் என்னுடன் இருப்பாள். காலை பத்தரைக்குக் கிராமச் சதுக்கத்தில் அவளை அழைத்துக்கொண்டு, மாலை ஏழுக்கு அங்கேயே விட வேண்டும். பதினொன்றைத் தாண்டினால் அன்று நான் வரவில்லை என்று கணக்கு. ஒரே ஆண்டில் மூன்று முறை வராமல் போனால், சந்திப்பை நிறுத்தும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

2. வால்தெரோயா இங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். கடைசி நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை. அந்த ஊருக்குப் பேருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே. சனிக்கிழமை எனக்கு ஆலையில் இரவு பத்துவரை வேலை. ஆக, ஞாயிறு காலை கார் இல்லாமல் நான் அங்கே போய்ச் சேர வழியே இல்லை.

3. ஜனவரியில் பனி விழுந்து கணவாயை மூடிவிட்டார்கள். அது முதல் முறை. மார்ச்சில் என் பழைய காரின் இன்ஜின் பாதி வழியில் நின்றுபோனது. பழுது பார்க்கும் நிலையில் அது இல்லை என்றார்கள். அது இரண்டாவது முறை. ஏப்ரலில் இருந்து வாடகைக் கார். ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தில் (பெயர் புகார்ப் படிவத்தில் உள்ளது) ஏழு முறை கார் எடுத்திருக்கிறேன். நகரத் திருவிழா நடக்கும் அக்டோபரில்கூட ஒரு மாதம் முன்பே பதிவு செய்து எடுத்தேன். ஏழு முறையும் பத்து மணிக்கெல்லாம் சதுக்கத்தில் நின்றேன். ஜூலையில் இஸார்பே ஆற்று மடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீந்தக் கற்றாள். ஆகஸ்டில் கையை விட்டாள்.

4. முன்பதிவுப் படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இரண்டே தேர்வுகள்: அலுவல், சுற்றுலா. ஏழு முறையும் நான் சுற்றுலா என்றே குறித்தேன். கவுன்ட்டருக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் படம் மாட்டியிருக்கிறது: 'காலையில் கிளம்புங்கள், ஒரு நாளில் உலகம் பாருங்கள், மாலையில் திரும்புங்கள்.' நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

5. கடந்த ஒன்பதாம் தேதி கவுன்ட்டர் ஏழரைக்குத் திறந்தது. நான் 7.20-க்கே கண்ணாடிக் கதவின் முன் நின்றேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. உள்ளே இருந்தவர் எலிசேயோ. ஏழு முறையும் எனக்குச் சாவி தந்தவர் அவர்தான். "மலைக்கா சார்? பாப்பாவைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லித்தான் எப்போதும் சாவியைத் தருவார். அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்த பேச்சை நினைவில் உள்ளபடி அப்படியே தருகிறேன்.

"சார், இது டெபிட் கார்டு. கிரெடிட் கார்டு இருந்தாத்தான் வண்டி தரணுமாம்."

"போன மாசமும் இதே கார்டுதானே தம்பி? அதுக்கு முந்தின மாசமும் இதுதானே?"

"ரூல் மாத்திட்டாங்க சார்."

"எப்போ மாத்தினாங்க?"

அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் எங்க போறேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார். தெரிஞ்சு நான் என்ன பண்ண?"

என் வங்கி எனக்குக் கிரெடிட் கார்டு தருவதில்லை. அதை அவரிடம் சொன்னேன். மேலாளரைப் போனில் கூப்பிடச் சொன்னேன். அவர் உள்ளறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

6. அவருக்குப் பின்னால் சாவிப் பலகை இருந்தது. அதில் ஒரே ஒரு சாவிதான் தொங்கியது. அந்தச் சாவியில் 'எஸ்கார்தின்' என்று சீட்டு ஒட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து நின்றார்கள். மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவதாகச் சொன்னார்கள். எலிசேயோ அந்தச் சீட்டை நகத்தால் உரித்தெடுத்துவிட்டு, சாவியை அவர்களிடம் கொடுத்தார். அந்த அம்மாள் தயங்கி, தமக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானியத்தில், "இவர்தானே முதல்ல வந்தாரு?" என்று கேட்டார்.

"அவருக்குப் பேப்பர் பிரச்சினை மேடம். நீங்க கிளம்புங்க."

அந்தத் தம்பதி மீது எனக்கு வருத்தம் இல்லை. எனக்காகக் கேட்டது அவர்கள் மட்டும்தான்.

7. புகார்ப் படிவம் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அதில் நேரம் போடும் இடத்தை எலிசேயோ நிரப்பவில்லை. நானும் அவசரத்தில் கவனிக்கவில்லை. பக்கத்துக் கவுன்ட்டர் ஒன்றில் கார் இல்லை, மற்றொன்று ஞாயிறு விடுமுறை. 8.40-க்கு நோயேலியாவைப் போனில் அழைத்து நிலைமையைச் சொன்னேன். அவர் சொன்னது: "பதினொண்ணு வரைக்கும் சதுக்கத்துல நிப்பா. அதுக்கு மேல நான் அவளை நிக்க வைக்க மாட்டேன், ஃபெர்மீன்."

8. நிலையத்துக்கு வெளியே டாக்ஸி பிடித்தேன். "அவ்வளவு தூரமா? ஞாயித்துக்கிழமை திரும்பி வர ஆளே கிடைக்காதேப்பா" என்றார் ஓட்டுநர். காரணத்தைச் சொன்னேன். முன்கதவைத் திறந்துவிட்டார். "பெல்ட்டைப் போடு. வழியில என்கிட்ட பேச்சுக் குடுக்காத, வேகமா ஓட்டணும்" என்றார். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அவர் ஓட்டிய வேகத்தைத் தங்களிடம் எழுத்தில் தெரிவிப்பது அவருக்கு நல்லதல்ல. ஆனால் மலைப்பாதையில் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் வண்டிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு நாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இறங்கிப்போய்க் கத்தினார். அவர்களும் கத்தினார்கள். நாய்களும் கத்தின. சதுக்கத்தில் நான் இறங்கியபோது மணி 11.14. அங்கே யாரும் இல்லை.

9. வீட்டுக்குப் போனேன். நோயேலியா கதவைத் திறந்து, வெளியே வந்து, கதவைத் தம் முதுகுக்குப் பின்னால் சாத்தினார்.

"மணி என்னன்னு பார்த்தியா?"

"பதினாலு நிமிஷம், நோயேலியா. பதினாலே நிமிஷம்."

"உனக்குத்தான் பதினாலு நிமிஷம். அவ பத்து மணியிலேர்ந்து அந்தக் குளிர்ல நின்னா. அழுது அழுது இப்பத்தான் படுத்திருக்கா. எழுப்பணுமா, சொல்லு. நீ எழுப்புன்னா எழுப்பறேன்."

ஐயா, எழுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து டாக்ஸியில் ஏறிக்கொண்டேன்.

10. நோயேலியா பொய் சொல்பவர் அல்ல. மூன்றாவது முறையும் நான் உரிய நேரத்தில் வரவில்லை என்று அவர் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார். அது உண்மை. விசாரணை டிசம்பர் 16 அன்று. இந்த மனுவில் நான் அவரைப் பற்றிப் புகார் ஏதும் சொல்லவில்லை.

11. அன்று மாலை மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, டாக்ஸியிலயா வந்த? அவ்ளோ தூரமும் டாக்ஸியிலயா?"

"ஆமா கண்ணு. நீ தூங்கிட்டிருந்தியாம், அதான்…"

"நான் தூங்கல. ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தேன். ஏன் என்னைக் கூப்பிடல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அடுத்த மாசம் வரேன்னு சொல்லாத அப்பா. வந்துட்டுச் சொல்லு."

இதை இங்கே எழுதுவது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விட்டால், 'இழப்பு ஏதும் இல்லை' என்ற வரி மட்டுமே கோப்பில் இருக்கும் என்பதால் எழுதினேன்.

12. நிறுவனத்தின் பதில் 14-ஆம் தேதி வந்தது. 'வாடிக்கையாளரின் ஒருநாள் பொழுதுபோக்குப் பயணம் அவரிடம் ஏற்கத்தக்க அட்டை இல்லாத காரணத்தால் நிறைவேறவில்லை. தொகை முழுவதும் திருப்பப்பட்டுள்ளது. அவருக்கு இழப்பு ஏதும் இல்லை' என்கிறது கடிதம். கூடவே, அடுத்த ஒருநாள் சுற்றுலாவுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பனும் வைத்திருந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் எந்த மணிக்கு அங்கே வந்தேன் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இந்தக் கடிதத்தை நீதிமன்றத்தில் கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பேசும் என்கிறார் என் வழக்கறிஞர்: மகளைப் பார்க்கப் போகாமல் பொழுதுபோக்குக்குக் கார் கேட்டவன், அதற்கும் சரியான அட்டை கொண்டுவராதவன்.

13. 20-ஆம் தேதி எலிசேயோ என் ஆலை வாசலுக்கே வந்தார். வேலை முடிந்து நான் வெளியே வரும்வரை எதிர்ப்பக்கம் காத்திருந்தார்.

"சார், அன்னிக்கு ரூல் எதுவும் மாறல. ஒரு வண்டிக்கு ரெண்டு பேர்கிட்ட புக்கிங் வாங்கிட்டாங்க. மேனேஜர் போன்ல என்ன சொன்னார் தெரியுமா? 'முழு இன்சூரன்ஸ் எடுக்கறவங்களுக்குக் குடு. அந்த மலைக்காரர்கிட்ட கார்டு சரியில்லைன்னு சொல்லிடு. அவர் எங்க போயிடப் போறார், அடுத்த மாசமும் நம்மகிட்டதான் வருவார்'னார்."

"இதை எழுதித் தர்றியா தம்பி?"

"எழுத மாட்டேன் சார். டிசம்பரோட என் கான்ட்ராக்ட் முடியுது, நீட்டிக்கணும். ஆனா குறைதீர் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டுக் கேட்டா மறைக்க மாட்டேன். கேமராவுல எல்லாம் இருக்கு. ஒரு மாசம்தான் வச்சிருப்பாங்க, அப்புறம் அழிஞ்சிடும்."

போகும்போது, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவர் மீது எனக்கு அன்றுவரை இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

14. ஏழு மாதங்களாக ஒரு நாளும் தவறாமல் வந்தவன் என்பதாலேயே என்னைத் தேர்ந்தெடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள். எப்போதாவது வருபவனாக இருந்திருந்தால் அந்தச் சாவி என் கைக்கு வந்திருக்கும். இதைச் சொல்ல எனக்கு இன்னும் மரியாதையான வார்த்தைகள் கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.

ஆகவே தங்களை நான் வேண்டுவது:

(அ) 9.11.2025 காலை 7.15 முதல் 8.45 வரையிலான கவுன்ட்டர் கேமரா பதிவை, அது அழிவதற்கு முன், அதாவது டிசம்பர் 9-க்குள், நிறுவனத்திடமிருந்து பெற வேண்டும்.

(ஆ) பணியாளர் எலிசேயோவைத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் அழைத்து, அன்று நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதனால் அவர் வேலைக்குக் கேடு வராமல் தங்களால் இயன்றதைச் செய்ய வேண்டும்.

(இ) அன்று காலை 7.20-க்கு நான் அங்கு இருந்தேன், எனக்குரிய கார் அங்கு இருந்தது, அது எனக்குத் தரப்படவில்லை என்று மூன்றே வரியில், தங்கள் அலுவலக முத்திரையுடன், டிசம்பர் 16-க்கு முன் எனக்குச் சான்று தர வேண்டும்.

இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. மன்னிப்புக் கடிதமும் வேண்டாம்.

டிசம்பர் 14 அடுத்த இரண்டாவது ஞாயிறு. விசாரணை முடியும்வரை பழைய உத்தரவு செல்லும். என்னுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் தம் வேனைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வழியில் பனி இருந்தாலும் வேட்டைக்காரர்கள் இருந்தாலும் ஒன்பது மணிக்கே சதுக்கத்தில் நிற்பேன். வருகிறேன் என்று மகளிடம் நான் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து நீதிபதியின் முன் நிற்பேன். அங்கே என் வார்த்தையை மட்டும் வைத்து யாரும் எதையும் நம்ப வேண்டியதில்லை. தங்களால் ஆகக்கூடியது ஒரு தாள். அதைத் தாமதமின்றித் தரும்படி மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,

(ஒப்பம்)
ஃபெர்மீன் எஸ்கார்தின்
இஸார்பேயின் தகப்பன்

இடம்: சரகோசா
நாள்: 24.11.2025