மாப்பிள்ளை மேல் பிராது

விருத்தாசலம்
14.11.1973

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. செராமிக் கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்க்கும் மாணிக்கவேல் தன் தங்கையை வளைகாப்புக்கு அழைத்துவர உங்கள் ஊருக்குத்தான் வருகிறான், உன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்காதே என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி.

அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதை முன்பே எழுதினேன் அல்லவா, தினம் காலையில் மூன்று மைல் நடக்கச் சொல்லிவிட்டார். தனியாக விட்டால் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று நானும் கூடப் போகிறேன். விடிந்ததும் கிளம்பி ரோட்டோடு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் வரைக்கும் போய், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, மல்லாட்டைக் கொல்லைகளையும் முந்திரித்தோப்பையும் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். மேடு பள்ளம் கிடையாது, வழியெல்லாம் நிழல்தான். காட்டுக்குள் மயில் நடுப்பாதையில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. இப்போது மல்லாட்டை பிடுங்கும் சமயம், கொல்லையில் இருக்கும் பெண்கள் கூப்பிட்டு ஒரு பிடி பச்சைக் கடலை கொடுப்பார்கள், உன் அப்பா டாக்டர் சொன்னதை எல்லாம் மறந்து தின்றுகொண்டே வருவார். எனக்குத்தான் எதுவும் கண்ணில் நிற்பதில்லை, கால் பாட்டுக்குப் போகிறது. சக்கர எனக்கா ஒனக்கா, இப்பிடி ஓடுறியேடி என்று அவர் பின்னாலிருந்து கேட்கிறார். நடந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது, அதனால்தான் ஓடுகிறேன்.

ஏன் என்று உனக்கே தெரிந்திருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நாலு பக்கம் எழுதுகிற பெண், ஆடி மாதத்துக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. மூன்று கடிதம் வந்தது, மூன்றும் மாப்பிள்ளை கையெழுத்து. அவளுக்கு ஒழிவில்லை, சௌக்கியமாக இருக்கிறாள் என்று மூன்றிலும் அதே இரண்டு வரி. நீ கடைசியாக எழுதியதில் நம் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். எதற்குக் கேட்டாய்? அதற்குப் பதில் எழுதினேன், அது உன் கைக்கு வந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் அப்பாவுக்கு ஷிப்டு மாறியதால் நான் மட்டும் நடக்கப் போனேன். கோயில் வந்ததும் கால் உள்ளே திரும்பிவிட்டது. அழுகையும் ஆத்திரமுமாக இருந்தேன். நல்லமுத்து என்கிற என் மருமகன் என் பெண்ணை எழுதவிடாமல் அடைத்து வைத்திருக்கிறார், நீதான் கேட்க வேண்டும் என்று கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதி, அவர் காலடியில் வைத்துப் பூசை முடித்து, அங்கே முனியப்பர் சந்நிதி முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பார்கள். கட்டிவிட்டு வந்த அன்று நன்றாகத் தூங்கினேன், உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் தோப்புக்குப் பக்கத்தில் பூவாயி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள், பேச்சுவாக்கில் அவள் கட்டிய பிராதைப் பற்றிச் சொன்னாள். எங்க ஆட்ட ஓட்டிக்கினு போனவன் பத்தே நாள்ல கால் ஒடிஞ்சி கெடந்தாங்க என்று சிரிக்கிறாள். அவருக்கு ஒன்று ஆனால் அது யார் தலையில் விடியும், உன் தலையில்தானே. இதை யோசிக்காமல் கட்டிவிட்டேனே. போன வாரம் வந்தது மாப்பிள்ளையின் மூன்றாவது கடிதம், அந்த இரண்டு வரிக்குக் கீழே பத்து நாளாகத் தனக்குக் காய்ச்சல் என்று, எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு. அதைப் படித்ததிலிருந்து ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

காட்டுப் பாதையில் வைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொண்ணு புருசன் மேலயேவா கட்டுன என்று கேட்டார். அன்று அவர்தான் வேகமாக நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அடுத்த நாள் இரண்டு பேருமாகக் கோயிலுக்குள் போய், பிராதைத் திரும்ப வாங்க வேண்டும், ராஜினாமா எழுதிக் கொடுங்கள் என்றோம். கொற தீந்துபோச்சாம்மா என்று கேட்டார் கோயிலில் பிராது எழுதுகிறவர். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். தீந்தாதான் ராஜினாமா, சாமிகிட்ட பொய்க் கையெழுத்துப் போடாதீங்க என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தானே. அன்றிலிருந்து தினம் அந்த வேல் பக்கம் பார்த்துக்கொண்டே காட்டுக்குள் இறங்குகிறோம். அத்தனை சீட்டுக்கு நடுவில் என்னுடையது எது என்று தெரிவதில்லை, ஆனாலும் பார்க்கிறேன்.

கண்ணு, ஒருவேளை எல்லாம் என் கற்பனையாக இருக்கலாம். அவர் நல்லவராக இருந்து, நீதான் வேலை மும்முரத்தில் எழுதவில்லை என்றால் நான் எவ்வளவு பெரிய பாவி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கஷாயப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் கொதிக்கவைத்து மாப்பிள்ளைக்கு மூன்று வேளை கொடு. குளிர் காலம், நீயும் காதைக் கட்டிக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்காதே.

மாணிக்கவேல் அங்கே நாலு நாள் இருப்பான். குறை ஒன்றும் இல்லை என்றால் உன் கையால் ஒரே ஒரு வரி எழுதி அவனிடம் கொடு, அது வந்த அன்றைக்கே நாங்கள் ராஜினாமா எழுதி, அவர் பேருக்கு அர்ச்சனையும் செய்துவிடுகிறோம். குறை இருந்தால் எழுதிக்கொண்டு நேரத்தைப் போக்காதே. மாணிக்கவேல் தங்கையோடு ரயில் ஏறிவிடு. யாரிடமும் எதுவும் கேட்டுக்கொண்டு நிற்காதே.

தீர்க்க சுமங்கலியாக இரு என்று எழுத வந்தேன், கை தயங்குகிறது. நீ நன்றாக இரு.

உன் அம்மா
பெரியநாயகி

அப்பா இதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கச் சொல்கிறார்: மாணிக்கவேல் திரும்பி வரும் ரயிலுக்கு ஜங்ஷனில் நிற்பாராம், அன்றைக்கு அவருடைய நடை ஜங்ஷன் வரைக்கும்தானாம்.