காடையும் இரண்டு டேப்லெட்டுகளும்

மார்ச் 6
மேற்குச் சரிவு முகாம்

அன்புள்ள கொக்குக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே, விஷயம் இருக்கிறது. காய்கறி கொண்டுவரும் ஜீப் அண்ணன், "மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நெட்டையம்மா இருக்காங்க. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு டேப்லெட்டைத் தட்டிக்கிட்டே இருக்காங்க" என்றார். வெயிலில் திரை தெரியாமல் நானும் அப்படித்தான் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நெட்டை என்றதும் நீதான் என்று தெரிந்துவிட்டது. இங்கே டவர் இல்லை, அதனால் அவர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன்.

மலைக்காடை உயிரோடு இருக்கிறதடி! இன்று விடியலில் டேப்லெட்டில் அதன் குரலை ஒலிக்க விட்டேன். மேட்டிலிருந்து பதில் வந்தது! 'பதில் வந்ததா?' என்ற கட்டத்தில் 'ஆம்' அழுத்திவிட்டேன். மாதக் கடைசிக்குள் பறவை கிடைக்காவிட்டால் முகாமைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள் என் துறையில். இனி என்னை யாரும் அசைக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் இதே குரலை நான் "கேட்டேன்" என்று சொன்னதை, பதிவு இல்லை என்று நம் அறிக்கையிலிருந்து அடித்தாயே, இப்போது என்ன சொல்வாய்? இந்த முறை பதிவு இருக்கிறது!

இன்னும் கொஞ்சம் கோபத்துடன்,
வாயாடி


மார்ச் 9
கிழக்குச் சரிவு

என் வாயாடிக்கு,

கிழிக்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்கும் பதில் வந்தது! அதே விடியலில், அதே மேட்டிலிருந்து! எகிறிக் குதித்ததில் கூடாரக் கம்பி இடித்துத் தலை வீங்கியிருக்கிறது. எங்கள் துறையும் மாதக் கடைசி வரைதான் பணம் தரும் என்று சொல்லியிருந்ததால், நானும் தூக்கமில்லாமல் கிடந்தேன். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடித்த விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். காகிதத்தில் சண்டை போட்டு உன்னை ஜெயிக்க முடியாது.

உன் கொக்கு


மார்ச் 13
மேற்குச் சரிவு

அடிப் பாவி கொக்கே,

எல்லாம் போச்சு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு என் பதிவை மறுபடியும் கேட்டேன். காடை கூவுகிறது. கூவி முடித்ததும் லேசாக ஒரு "அச்சூ!" காடை தும்முமா? அது என் தும்மல்! படிக்கும் காலத்தில் நாம் இருவரும் சேர்ந்து பதிவு செய்த குரல் அது. என் பிரதியில் தும்மலை அப்போதே வெட்டிவிட்டேன்; அப்படியானால் மேட்டிலிருந்து வந்தது உன் பிரதி. என் டேப்லெட் கூவ, உன் டேப்லெட் பதில் சொல்ல, இரண்டு மேதைகளும் 'ஆம்' அழுத்தியிருக்கிறோம். ஜோடியாம் ஜோடி!

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. பறவை இல்லையென்றால் இரண்டு முகாமும் இல்லை.

ஆமாம், இத்தனை வருஷம் அந்தத் தும்மலை ஏன் வெட்டாமல் வைத்திருந்தாய்?

வாயாடி


மார்ச் 16
கிழக்குச் சரிவு

வாயாடி,

வெட்ட மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

நான் 'ஆம்' என்பதை 'இல்லை' என்று திருத்திவிட்டேன். நீயும் திருத்திவிடு. மாதம் இன்னும் முடியவில்லை. ஒற்றைப்படைத் தேதியில் உன் டேப் மட்டும் கூவட்டும், இரட்டைப்படைத் தேதியில் என்னுடையது. மற்றவள் டேப்பை அணைத்து உறைக்குள் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். உன்னால் சும்மா இருக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

கொக்கு


மார்ச் 24
மேற்குச் சரிவு

கொக்கே, கொக்கே, கொக்கே!

இன்றைக்கு உன் முறை. என் டேப் உறைக்குள் கிடந்தது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். உன் டேப்பின் குரல் மேட்டைத் தாண்டி மெல்லிசாக வந்தது. உடனே என் பக்கத்துப் புதரிலிருந்து பதில்! வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றேன். புல் விலகியது. பழுப்பாக, உருண்டையாக ஒன்று எட்டிப் பார்த்தது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. ஆனந்தத்தில் நுரையை விழுங்கியே விட்டேன்.

டேப்பை எடுக்கப் போனால் பறந்துவிடுமே என்று நான் அசையவில்லை. பதிவு இல்லை, படமும் இல்லை. உன் டேப்பில் ஏதாவது பதிந்திருக்கிறதா? இல்லையென்றால் மறுபடியும் என் வாய்வார்த்தை மட்டும்தான். இந்த முறையும் நீ அடித்தால் நான் தாங்க மாட்டேனடி.

உன் வாயாடி


மார்ச் 28
கிழக்குச் சரிவு

என் அருமை வாயாடிக்கு,

என் டேப்பில் காற்றின் இரைச்சல்தான் இருக்கிறது. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே ஜீப்பில் ஏறி எங்கள் துறைப் பேராசிரியரிடம் போனேன்.

"பதிவு எங்கேம்மா?" என்றார்.

"இல்ல சார். ஆனா அவ கேட்டிருக்கா, கண்ணால பார்த்திருக்கா."

"போன தடவை நீயேதானே வேண்டாம்னு அடிச்சே?"

"இந்தத் தடவை வேணும்கிறேன் சார். அவ சொன்னா எனக்குப் போதும்."

கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, மழைக்காலம் முடியற வரைக்கும் பணம் தரேன். ஆனா ஒரே முகாம். ரெண்டு பேரும் சேர்ந்து பதிவோட வாங்க." உன் துறையிடமும் அவரே பேசிக்கொள்கிறாராம்.

அவர் எதிரிலேயே 'ஆம்' அழுத்தினேன். பார்த்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டேன். போடும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே. அது இங்கே வருவதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன்.

உன் கொக்கு