கோரைக்கு வேண்டிய வெளிச்சம்

செவ்வாய்க் கோள், கூரையிட்டு மூடிய சோலை. எழுதுவது தாவரப் பிரிவு இசக்கியம்மாள். யார் கண்டெடுத்தாலும் படிக்கலாம்.

நாள் 611, காலை 6.10
வெப்பம் பத்தொன்பது. ஈரப்பதம் சரி. ஓடைக்கரைக் காட்டுக்கோரையில் ஏழெட்டுத் தூறுதான் மிச்சம். தண்டு முப்பட்டையாக இருப்பதால்தான் கோரை என்றே தெரிகிறது. கரை மண்ணைப் பிடித்து வைத்திருந்தது அதன் வேர்தான். இப்போது மண் சரிந்து, ஓடை சேறாகி, குடிநீர் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. இன்றும் கையால் வழித்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மாற்றிவிட இங்கே வேறு ஆள் கிடையாது.

நாள் 618, மாலை 5.40
மேலே கோளைச் சுற்றிவரும் கலத்திலிருந்து பொறியாளன் சூசை மிக்கேல் பேசினான். இரண்டு மாதத்தில் அங்கே காற்று தீர்ந்துவிடும். அதற்குள் அவன் இங்கே இறங்க வேண்டும்.

"யக்கா, தண்ணி எப்படி இருக்கு?"

"ஒருத்திக்கே இழுபறிதான் தம்பி."

"பிலோமி?"

"நல்லா தழைச்சிருக்கா."

பிலோமினா அவன் மனைவி. இங்கே யார் இறந்தாலும் சாம்பலை மண்ணிலிட்டு மேலே ஒரு மரம் வைப்போம். பிலோமி ஓடைக்கரை நாவல் மரம்.

நாள் 621, பகல் 1.15
எங்களைப் போல மடையர்கள் கிடையாது. காட்டுக்கோரை என்றதும் அடர்ந்த நிழல்தான் வேண்டும் என்று நினைத்துவிட்டோம். மரம் விழுந்து திறந்த இடத்திலும், பாதை ஓரத்திலும்தான் அது கூட்டமாக வரும். விதை வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும், வெளிச்சம் பட்டால் எழும்பும். காட்டில் மரம் தானாக விழும். இங்கே யார் மரத்தில் யார் கைவைப்பது? ஒரு கிளைகூடக் கழித்ததில்லை.

கரையை மூடி நிற்பது நாவல் ஒன்றுதான். கிளை கழித்தால் போதாது. அதன் உச்சி, வெளிச்சம் தரும் கூரை விளக்கையே முட்டிக்கொண்டு நிற்கிறது.

நாள் 622, மாலை 4.30
நாவலை வெட்டட்டுமா என்று சூசையிடம் கேட்டுவிட்டேன்.

"யக்கா, அவள வெட்டிராதிய. நான் தாகத்துல செத்தாலும் பரவாயில்ல."

"செத்தவளுக்காக நீ ஏம்ல சாகணும்?"

இணைப்பை அவனே துண்டித்தான்.

நாள் 623, காலை 9.00
வெட்டிவிட்டேன். அவன் சாகக் கூடாது, அவ்வளவுதான். பாதி அறுக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பிலோமி எனக்கும் சிநேகிதி. அவனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நாள் 659, காலை 7.20
கரையெல்லாம் கோரை. தூறுக்குத் தூறு மூன்று வரிசையில் இலை பிரிகிறது. ஓடை தெளிகிறது. வடிகட்டியைக் கழற்றி வழிக்கும் வேலையே இல்லை. தினமும் சூசைக்குத் தகவல் அனுப்புகிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். கோபம் இறங்கினால் சரியாகிவிடும். அவனுக்குப் படுக்கை விரித்து வைத்தேன்.

நாள் 680, காலை 10.05
இறங்க வேண்டிய நாள். இப்போதுதான் பேசினான்.

"யக்கா, ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. நீங்க செஞ்சது சரிதான். ஆனா நான் எறங்கல. அவ இல்லாத எடத்த வந்து பாக்க என்னால ஆகாது."

அதன்பிறகு இரைச்சல்தான்.

நேரம் பார்க்கவில்லை
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இறங்குவதற்கான நேரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது, தட்டச்சு செய்தே அனுப்புகிறேன்.

சூசை, எறங்கி வாடே. தண்ணி தெளிஞ்சிட்டு. ரெண்டு பேருக்கும் போதும். சூசை