இரண்டு கை மருதாணி

ஆடி, திங்கள்

காற்று ஓயவில்லை. மாடியில் காயப்போட்ட துணி பாதி பக்கத்து வீட்டில். லாரி ஆபீசுக்கு லீவு சொன்னேன்.

எங்கள் லேடீஸ் ஹாஸ்டலை நடத்தும் ராஜாமணியக்காவை நேற்று சாயங்காலம் சமையல்கட்டில் யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். சங்கிலியைக் காணோம். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

போலீஸ் தனித்தனியாக விசாரித்தது. மாடி ரூம் டீச்சர் சொன்னது காதில் விழுந்தது. "குத்தம் சொல்லலீங்க. மத்தியானம் மலருக்கும் அக்காவுக்கும் ஒரே சத்தமுங்க." சோற்றில் கல் கிடந்ததற்குப் பக்கத்து ரூம் மலர் போட்ட சத்தம். நாங்கள் எல்லோரும் போடுவதுதான். மலரின் ஜன்னல் ரூம்மேல் டீச்சருக்கு ரொம்ப நாளாகக் கண்.

என்னைக் கேட்டதற்கு, தலைவலி, தூங்கிவிட்டேன், மலரைப் பார்க்கவில்லை என்றேன்.

பொய். அந்தச் சாயங்காலம் முழுக்க மலர் என் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு மருதாணி வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்

மலரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். செருப்புகூடப் போடவிடவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்தால் அற்பமாக இருக்கிறது. அக்கா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது நான். எனக்கு "ஏ புள்ள". எனக்குப் பின்னால் வந்த மலருக்கு மட்டும் "இன்னொரு முட்ட வெச்சுக்க சாமி." அக்காவே போய்விட்டார். இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

செய்ய வேண்டியவை: சோப்பு. ஊருக்குப் போன். ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்வது.

சோப்பு வாங்கினேன்.

புதன்

பெண் போலீஸ் ஒருவர் வந்தார். "கையக் காட்டுங்க." நீட்டினேன். "நல்லாச் செவந்திருக்குதுங்களே. ரெண்டு கைக்கும் ஆரு வெச்சுவுட்டது?"

தானே வைத்துக்கொண்டால் ஒரு கைதான் ஒழுங்காக வரும். தெரியாத பெண் உண்டா? எனக்குத்தான் மூன்று நாளாக உறைக்கவில்லை.

"மலருங்க."

"எப்பங்க?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலமுங்க. சோறும் அவதான் ஊட்டிவுட்டா." அழுதுவிட்டேன்.

"தூங்கிட்டேன்னு சொன்னீங்களே?"

கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வியாழன்

மழை வரும் போல. வரவில்லை. மலரை விட்டுவிட்டார்கள். முகமெல்லாம் வீக்கம். கொன்றவன் யாரென்று இன்னும் தெரியவில்லையாம். டீச்சர் ஓடி ஓடி அவளுக்குக் காபி கொடுத்தார். நான் கதவோரமே நின்றேன். அவளாக என்னிடம் வந்தாள்.

"பயப்படாதீங்கக்கா. தலவலி மாத்தர போட்டா உங்களுக்கு ஒன்னும் நெனவிருக்காதுன்னு நானே போலீசுகிட்டச் சொல்லிட்டேனுங்க."

அன்றைக்கு நான் மாத்திரையே போடவில்லை. அது அவளுக்கும் தெரியும்.