நெட்டையன் விடைபெற்ற வாரம்

அக்கா,

செவ்வாய்க்கிழமை மதியம் பின்னறையில் நின்றுகொண்டிருந்தேன். நோயாளிகளின் வடிகட்டிகளைக் கழுவும் மருந்தின் காடி வாசம் அறை முழுக்க இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் விரலிடுக்கில் தங்கிவிடும் வாசம். நமது டயாலிசிஸ் நிலையத்தில் இருபத்தைந்து வருடமாக அதை முகர்கிறேன். ஆனால் நீங்கள் போன பிறகு அந்த அறைக்குள் நுழைந்தாலே உங்கள் முகம்தான் முதலில் வருகிறது. அப்போது சீருடைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஒருமுறை அல்ல, விடாமல். நீங்கள் என்னைச் சேர்த்துவிட்ட அந்தக் குழுதான். மெல்பர்னில் வேலை செய்து திரும்பியவர்களும் இன்னும் அங்கேயே இருப்பவர்களுமாக நம் மலேசியத் தமிழர்கள் இருபது பேர்.

முதல் செய்தியில் இரண்டே சொற்கள் இருந்தன. "நெட்டையன் போறான்."

இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று அவர் அறிவித்துவிட்டார், அக்கா. முப்பத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் அறுவை. சனிக்கிழமை கடைசி ஆட்டம். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று கை தானாகவே உங்கள் பெயரைத் தேடிப் போனது. நீங்கள் இறந்து பதினொரு மாதம் ஆகிறது என்பது பெயரைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த விளையாட்டை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? காற்பந்து என்றால் இங்கே காலால் உதைக்கும் உருண்டைப் பந்து. நீங்கள் மெல்பர்ன் மருத்துவமனையில் பதினொரு வருடம் தாதியாக இருந்துவிட்டுத் சொந்த ஊரான தெங்கேராவுக்குத் திரும்பியபோது முட்டை வடிவப் பந்தோடு ஓடும் ஆஸ்திரேலியக் காற்பந்தையும் கூடவே கொண்டு வந்தீர்கள். சனிக்கிழமை மதியம், காலைநேர நோயாளிகளை அனுப்பிவிட்டு அடுத்தவர்கள் வருவதற்கு முன் கிடைக்கும் இடைவேளையில், பின்னறை மேசையில் ஒரு மருந்துப் போத்தல்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைப்பீர்கள். ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். அங்கே மழை கொட்டும், ஆட்கள் சேற்றில் உருளுவார்கள், ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறி ஆகாயத்திலிருந்து பந்தைப் பறிப்பான்.

"இது என்னாக்கா, சண்டையா விளையாட்டா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"உக்காரு. அந்த நாலு கம்பத்த பாரு. நடுவுல ரெண்டுக்குள்ள போனா ஆறு. பக்கத்துல போனாலும் ஒண்ணு உண்டு."

"தப்பா அடிச்சா கூடவா பாயிண்ட் குடுப்பாங்க?"

"ஆமாலா. அதனாலதான் எனக்கு இந்த ஆட்டம் புடிச்சிச்சு."

நெட்டையன் என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். அவருடைய உண்மைப் பெயர் உங்கள் வாயில் சரியாக வந்ததே இல்லை. நீங்கள் அங்கே இருந்த கடைசி வருடத்தில் கொக்குக் காலோடு அணிக்குள் வந்தவர். உங்கள் வார்டில் அவருடைய அம்மா இரண்டு நாள் படுத்திருந்தார் என்றும், கட்டில் ஓரத்தில் காலை மடக்க இடமில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்வீர்கள். அதிலிருந்து அவர் உங்கள் ஆள். பிறகு என் ஆளும் ஆனார்.

இப்போது குழுவில் எல்லாரும் அழுகிறார்கள். "என் இளமையே போன மாதிரி இருக்கு" என்று ஒருவர். "இவனைப் போல இன்னொருத்தன் வரமாட்டான்" என்று இன்னொருவர். அந்த இன்னொருவரே நான்கு மாதத்துக்கு முன்னால் என்ன எழுதினார் என்று தேடி எடுத்தேன். "நொண்டிக் குதிரையை யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா." அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் இப்போது கண்ணீர் முகங்களை அடுக்குகிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையில் என் பெயர் வந்து நின்றது. நெட்டையன் கம்பத்துக்கு நேரெதிரே நின்றும் தவறவிட்ட நாள். நான் எழுதியிருந்தேன்: "போதும்லா. மத்தவங்களுக்கு வழிய விடச் சொல்லுங்க."

அன்றைக்கு நீங்கள் குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினீர்கள். "அவன்கிட்ட யாராவது நேரா கேட்டாங்களாமா?"

உங்களை வேலையிலிருந்து அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது அப்போது. அந்த ஒரு வரியைத் தவிர அந்த விஷயத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் வாயே திறந்ததில்லை. நான் பதில் எழுதவில்லை. ஒரு கட்டைவிரலைக்கூட அனுப்பவில்லை.

நடந்ததை இன்று முழுமையாக எழுதிவிடுகிறேன்.

உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்ததை நான்தான் முதலில் பார்த்தேன். டீக் கோப்பை தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. பிறகு ஊசியில் தெரிந்தது. ஒருநாள் ரெம்பியாவிலிருந்து வரும் அந்த லாரிக்காரருக்கு நரம்பு தப்பி, கை முழங்கை வரை வீங்கிக் கறுத்துவிட்டது. இரண்டு வாரம் அவருக்கு வேறு வழியில் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க அண்ணே, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அவர், "பரவால்ல மிஸ்ஸி" என்றார், தாதிகளை எல்லாரும் கூப்பிடுவதுபோலவே. நீங்கள் நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க கை ஆடுதும்மா. எனக்குப் பயமா இருக்கு. இனிமே நீயே குத்து. இல்லாட்டி நான் வேற சென்டர் பாத்துக்கிறேன்."

அடுத்த வாரத்தில் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். நான் பொறுப்புத் தாதி. மேனேஜருக்கு அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் எழுதிய விதம் வேறு. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். நீங்கள் பக்கத்து அறையில் ஒரு பாட்டுக்காரப் பெரியவருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் பாடுவதும் நீங்கள் சிரிப்பதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்து, "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

மூன்று நாள் கழித்து மேனேஜர் உங்களைக் கூப்பிட்டு, நான் எழுதியதை உங்களிடமே வாசித்துக் காட்டினார். என் கையெழுத்தையும் பார்த்திருப்பீர்கள். வெளியே வந்து கை கழுவினீர்கள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் கழுவினீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நாலாம் நாற்காலிக்காரருக்குப் பிரஷர் எறங்கிட்டிருந்துச்சே, பாத்தியா?" என்றீர்கள். நான் பார்த்திருக்கவில்லை. நீங்களே போய்ப் பார்த்தீர்கள்.

மாதக் கடைசியில் பிரிவு விழா வைத்தோம். கேக், பலூன், மாலை. நோயாளிகள் நாற்காலிகளில் சாய்ந்தபடி இருந்தார்கள். ஒரு கையில் ஊசி ஏறியிருந்ததால் கைதட்ட முடியாமல் மற்ற கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. லாரிக்காரர் தேம்பி அழுதார். "மிஸ்ஸி போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். எல்லாரையும்விட அதிகம் பேசியது நான்தான். உங்கள் பொறுமை, உங்கள் சிரிப்பு, உங்கள் கை ராசி என்று அடுக்கினேன். கை ராசி என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதைக் கேட்டேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் உங்கள் செய்தி மட்டும் வந்தது. "ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு." "நெட்டையன் ரெண்டு அடிச்சிட்டான்." "வீட்டுப் பக்கம் வாயேன், மீன் குழம்பு வச்சிருக்கேன்." ரெம்பியாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து தெங்கேராவுக்கு எத்தனை தூரம்? அரை மணி நேரம்கூட இல்லை. வேலை, மழை, காய்ச்சல் என்று ஏதாவது சொன்னேன். உங்கள் வீட்டு வாசலில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, சந்தைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவர் எழவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார்.

மாதா கோயிலில் பூசை முடிந்து அடக்கமும் ஆன பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் வராத வீடு. உங்கள் வீட்டுக்காரர் எனக்குக் கருப்புக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு அந்த அறிக்கையைப் பற்றித் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசினார்.

"கை நடுக்கம் வந்ததுலேர்ந்து அவளுக்குத் தூக்கமே இல்லம்மா. ஊசி போடுற வேலைய மட்டும் விட்டுட்டு, பிரஷர் பாக்குறது, கட்டு மாத்துறது, அதெல்லாம் செய்யட்டுமான்னு உன்கிட்ட கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கேட்டியான்னு கேப்பேன். நாளைக்குன்னு சொல்வா. வெக்கப்பட்டா. உன்னவிட வயசுல மூத்தவளாச்சே."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். வேறென்ன செய்ய?

பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்த இரண்டு பேர், அக்கா. நீங்கள் கேட்க வெட்கப்பட்டீர்கள். நான் சொல்லப் பயந்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் நீங்கள் ஊசியைக் கீழே வைத்திருப்பீர்கள். இன்னும் சில வருடம் பிரஷர் பார்த்துக்கொண்டு, பெரியவரின் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நாசி லெமாக்கோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் நீங்கள் சாகாமல் இருந்திருப்பீர்கள் என்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்கள் உங்களுக்கு உரியவை.

புதன்கிழமை யாரோ நெட்டையனின் பேட்டியைக் குழுவில் போட்டார்கள். கையடக்கத் திரையில்கூட அவர் தோள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. யார் முடிவு இது என்று நிருபர் கேட்டார். பயிற்சியாளர் தன் வீட்டுக்கே வந்ததாக அவர் சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, அடுத்த வருடம் உனக்கு இடமில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாராம். இரண்டு பேரும் அழுதார்களாம். அதை மட்டும் எப்போதும் மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். குழுவில் எல்லாரும் அந்தப் பயிற்சியாளரைத் திட்டினார்கள். நான் மட்டும் திட்டவில்லை. கைப்பேசியை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் நின்றேன்.

நேற்று கடைசி ஆட்டம். தோற்றோம். நெட்டையன் ஒரு கோல் அடித்தார், இரண்டைப் பக்கத்தில் விட்டார். முடிந்ததும் இரண்டு அணிக்காரர்களும் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடுவே போனார்கள். அத்தனை உயரமான ஆளைத் தூக்கியவர்கள் தடுமாறினார்கள். மைதானத்தில் இருந்த நம் குழுக்காரர் ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "பக்கத்துல ஒரு வெள்ளக்கார கெழவர், பருவம் முழுக்க அவனத் திட்டினவர், என் தோள்ல சாஞ்சி அழறாருப்பா." நானும் அழுதேன். எனக்கு அந்த உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நூர் பின்னறைக்குள் வந்தாள். அவள் உங்கள் இடத்துக்கு வந்த மலாய்த் தாதி, ஐந்து பிள்ளைகளின் தாய், அதிகம் பேச மாட்டாள்; என்னை அக்கா என்ற பொருளில் காக் என்பாள். கதவைச் சாத்தினாள். கையில் ஒரு நோயாளியின் தாள் இருந்தது.

"காக், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் மலாயில். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

காலையில் ஒருவர் உடலிலிருந்து எடுக்க வேண்டிய நீரின் அளவை நான் மாற்றி எழுதியிருந்தேன். இரண்டு புள்ளி மூன்று லிட்டர் என்பது மூன்று புள்ளி இரண்டு ஆகியிருந்தது. இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் அவள் கவனித்துத் திருத்தியிருந்தாள். இல்லாவிட்டால் அவர் மயங்கி விழுந்திருப்பார். இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை என்றாள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அக்கா. "யாரு எழுதினது? நானா?" என்று தாளைப் பிடுங்கினேன். என் எழுத்து. ஐம்பத்து நான்கு வயதில் எல்லாம் கையைவிட்டுப் போகிறது என்று தோன்றியது.

"நான் ரிப்போர்ட் எழுதணும், காக். எழுதாம இருக்க முடியாது. ஆனா உங்களுக்குத் தெரியாம எழுத எனக்கு மனசு வரல."

தாளை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் அவசரப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "கெஜாப்", கொஞ்சம் பொறுங்கள் என்று குரல் கொடுத்துவிட்டு அப்படியே இருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். பிறகு நான், "எழுது. எண்களை இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து சரிபாக்கணும்னு நானே கேட்டதாவும் சேர்த்து எழுது. திங்கக்கிழம கண் டாக்டர்கிட்ட போறேன்" என்றேன். அவள் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தேன். முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டினாள். வலித்தது. ஆனால் எழுந்து வெளியே போய் அடுத்த நோயாளியின் முகத்தைப் பார்க்க என்னால் முடிந்தது.

எத்தனை சின்ன காரியம் அது, அக்கா. ஒரு நாற்காலி, பத்து நிமிடம். இரண்டும் அன்றைக்கு என்னிடம் இருந்தன. உங்களுக்கு நான் தரவில்லை.