புகைக்குழாய்க்கு இன்னும் வர்ணம் பூசவில்லை

என் உயிரான செல்லத்தாயிக்கு,

நீ போன பிறகு இந்த வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. சுவரோடு பேசினால் பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் பாண்டி மிலிட்டரியில் லாரி ஓட்டப் போன சேதி உனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாய். நான் சொன்னேன், யார் கேட்டார்கள்? பர்மாப் பக்கம் சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் லீவில் வந்தவன், தான் ஓட்டப்போகும் லாரியைப் போலவே ஒரு சின்ன லாரி செய்தான். தேக்குத் துண்டும் பிஸ்கோத்து டப்பாத் தகரமும்தான். முழங்கை நீளம் இருக்கும். முன்மூடியைத் தூக்கினால் உள்ளே இஞ்சின்.

"நான் வாரதுக்குள்ள இஞ்சினுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சு வைங்கப்பா. உங்க கைதான் அதுக்குச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பஸ் ஷெட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிப் பழகிய கை எனக்கு. இதுவோ உள்ளங்கைக்குள் அடங்குகிற இஞ்சின். அணில் வால் மயிரைக் கட்டித் தூரிகை செய்தேன். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து ரேடியேட்டருக்கு ஒட்டினேன். பிளக் கம்பிகளுக்கு மையில் தோய்த்த தையல் நூல். ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் வர்ணம் தேங்காமல் ஊதி ஊதி மூச்சு வாங்கிவிட்டது. நீ பார்த்திருந்தால், "கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளாச்சும் இப்புடிப் பொட்டு வச்சு விட்டுருப்பீகளா" என்று கேட்டிருப்பாய்.

புகைக்குழாயில் வந்து நின்றுவிட்டேன். ஓடுகிற இஞ்சினில் அது சூட்டில் வெந்து, செங்கல் நிறமும் கரியுமாக இருக்கும். செங்கல்தூளும் விளக்குக்கரியும் குழைத்துத் தயாராக வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கோரிப்பாளையத்துக் காதர் வந்தான். பாண்டியோடு சேர்ந்து போனவன். கையில் கட்டோடு திரும்பியிருக்கிறான். வரிசையாகப் போன லாரிகள் மேல் குண்டு விழுந்ததாம்.

"எம்புட்டு லாரி எரிஞ்சுச்சுன்னு தெரியல மாமா. எல்லாம் கரிக்கட்டையாக் கெடந்துச்சு. பாண்டி வண்டி முன்னாடியே போயிருச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, பாத்தியா?"

அவன் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் பாண்டியிடமிருந்து ஒரு வரி இல்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். தந்தி கொண்டுவருகிறவனும் சைக்கிளில்தானே வருவான்?

பேரையூரிலிருந்து உன் அண்ணன் வந்தார். "அந்த லாரியில கரியத் தொட்டு வச்சுராதீக மாப்ள, ஆகாது" என்றார். நானும் சரியென்று குழாய் முழுக்க அலுமினிய வர்ணம் அடித்துவிட்டேன். பளபளவென்றுதான் இருந்தது. மறுபடி வந்த காதர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இது ஒரு மைல்கூட ஓடாத வண்டியால்ல இருக்கு. ஓடுற வண்டிக்குக் குழா வெந்துதான் இருக்கும்" என்றான். ஆறுதலுக்காகத்தான் சொன்னான், பாவம்.

அவன் போனதும் அலுமினியத்தைச் சுரண்டி எடுத்தேன். கரியைத் தொட்டேன். பூசினால் எரிந்த லாரி மாதிரி இருக்கிறது. பூசாவிட்டால் கிளம்பியே இராத லாரி. இதில் எது என் பிள்ளையின் வண்டி? தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வெறுந்தகரமாகவே விட்டுவிட்டேன். பெயிண்டர் வேலை பார்த்த இத்தனை காலத்தில் நான் ஒரு வர்ணத்துக்குப் பயந்ததில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று நாக்கு நுனிவரை வருகிறது. அங்கே யார் யார் வந்து சேருகிறார்கள் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? வேண்டாம், கேட்கமாட்டேன். நீயும் கனவில் வந்து சொல்லிவிடாதே.

அவன் வந்து பக்கத்தில் உட்காரட்டும். அவன் எப்படிச் சொல்கிறானோ அப்படிக் குழாய்க்குப் பூசுகிறேன். அதுவரை வாசல் கதவைத் தாழிடமாட்டேன். இது உனக்குச் செய்து கொடுக்கும் சத்தியம்.

உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. உன் பிறந்த வீட்டுக் கடிதங்களையெல்லாம் பாண்டிதான் உனக்கு வாசித்துக் காட்டுவான். இதை அங்கே வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள், தாயி. அவன் குரலில் மட்டும் கேட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரன்,
பாண்டியின் அப்பா