நான்கு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்தேன்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தைலப் புட்டியைப் பார்த்துக்கொண்டே இராமல் எடுத்துத் தேயுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. நான் சமைப்பதை விடுதிக்குக் கொண்டுபோகிற பழைய கார், ஒரு வாரமாக நகரவே அழுதது. தீய்ந்த நாற்றம் வேறு. டிரைவர் நேரே எங்கள் சமையல்கூட முதலாளியிடம் போய், "பாட்டி அண்டாவ ரொப்பி ரொப்பி ஏத்துறாங்க, வண்டி தாங்கல. வேற ஆளப் பாருங்க" என்றானாம். பேரன் பேத்தி எடுத்த என்னை.

மறுநாள் கார் காலி அண்டாவோடு திரும்பியது. தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்போமே, அதுபோல முதலாளி கண்ணெதிரே நான்கு சக்கரத்தின் நடுவிலும் தண்ணீர் தெளித்தேன். மூன்று சும்மா இருந்தன. முன்பக்க இடதுசக்கரம் மட்டும் சுர்ரென்றது.

"கனம்னா நாலும்ல காயணும், தம்பி?" என்று டிரைவரைக் கேட்டேன். முதலாளி மெக்கானிக்கை வரச்சொன்னார்.

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில் பிஸ்டன் துருவேறி, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் விடாமல் கவ்விக்கொண்டிருந்ததாம். அதை மாற்றியதும் அதே அண்டாவோடு கார் ஓடுகிறது.

டிரைவர் இன்னும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும்வரை அண்டாவை அவனே தூக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுப்பிலிருந்து சட்டி இறக்க இங்கே நல்ல துணி இல்லை. உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள். அந்த முழங்காலோடு உட்கார்ந்து துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

ஹாரன் கேட்கிறது. அண்டா தூக்குகிறவன் வந்துவிட்டான்.

உங்கள் வீட்டுக்காரி